அலுமினியத் தாளில் சமைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபாயில் என்று நாம் சொல்லும் அலுமினியத் தாளைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் உலவுகின்றன. அது மூளையைத் தின்னும் நஞ்சு என்கிறது ஒன்று. அதில் எதைச் சுற்றி எவ்வளவு நேரம் சுட்டாலும் ஒன்றும் ஆகாது என்கிறது மற்றொன்று. இரண்டும் தவறு. எந்த உணவு, எவ்வளவு சூடு, யார் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது.

தாளில் சுற்றிச் சமைத்தால் அலுமினியம் உணவில் இறங்குமா?

இறங்கும். இதில் சந்தேகம் இல்லை.

அலுமினியம் காற்றுப் பட்ட உடனேயே தன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம்தான் உலோகத்தைக் காக்கிறது. புளிப்பும் காரமும், அதாவது அமிலமும் அல்கலியும், அதைக் கரைத்துவிடும். உப்பு அதில் ஆங்காங்கே துளையிடும். படலம் போன இடத்தில் அடியிலுள்ள உலோகம் கரைந்து உணவோடு கலக்கிறது. சூடு கூடக் கூட இது விரைவாக நடக்கும். எனவே புளிப்பு, உப்பு, சூடு, நேரம் ஆகிய நான்கும் ஒன்றுசேரும்போதுதான் அதிக அலுமினியம் உணவுக்குப் போகிறது. வெறும் ரொட்டியைச் சுற்றி வைத்தால் போவது மிகச் சொற்பம்.

எவ்வளவு இறங்குகிறது? யாராவது அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஒரு துருக்கி ஆய்வில் இறைச்சியை அலுமினியத் தாளில் சுற்றி ஓவனில் சுட்டுப் பார்த்தார்கள். மாடு, ஆடு போன்ற சிவப்பு இறைச்சியில் அலுமினியம் 89 முதல் 378 விழுக்காடு வரை கூடியது. கோழி, வான்கோழியில் ஏறத்தாழ 76 முதல் 215 விழுக்காடு வரை கூடியது. 150 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டதைவிட, 250 டிகிரியில் 20 நிமிடம் சுட்டபோதுதான் அதிகம் இறங்கியது. நேரத்தைவிடச் சூட்டின் அளவு முக்கியம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

378 விழுக்காடு என்றதும் பலர் பதறிவிடுகிறார்கள். பச்சை இறைச்சியில் இருக்கும் அலுமினியம் மிகக் குறைவு. மிகக் குறைவான ஒன்று ஐந்து மடங்கு ஆனாலும் குறைவாகவே இருக்கும். அந்த ஆய்வை நடத்தியவர்களே வெளிப்படையான ஆபத்து எதுவும் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள். விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு முடிவை விட்டுவிடும் செய்திகள்தான் பரவுகின்றன.

புளிப்பான உணவின் கதை வேறு. ஜெர்மனியின் கூட்டாட்சி இடர் மதிப்பீட்டு நிறுவனம் பூச்சு இல்லாத அலுமினியத் தட்டுகளில் புளித்த முட்டைக்கோஸ் சாறு, ஆப்பிள் கூழ், தக்காளிக் கூழ் ஆகியவற்றை வைத்துச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டது. ஒரு கிலோ உணவில் 5 மில்லிகிராமுக்கு மேல் அலுமினியம் இறங்கக் கூடாது என்பது ஐரோப்பிய மன்றம் வகுத்த வரம்பு. இறங்கிய அளவு அந்த வரம்பைத் தாண்டியிருந்தது.

உடலுக்கு எவ்வளவு அலுமினியம் தாங்கும்?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் ஓர் அளவைச் சொன்னது: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 1 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2011-இல் அதை 2 மில்லிகிராம் என்று வகுத்தது. வாழ்நாள் முழுக்க வாராவாரம் சாப்பிட்டாலும் கெடுதல் வராது என்று கருதப்படும் அளவு இது. ஒரு வாரம் தாண்டிவிட்டால் நோய் வந்துவிடும் என்று பொருள் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கடுமையான அளவின்படி வாரத்துக்கு 60 மில்லிகிராம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் அலுமினியம் இறங்கிய உணவில் 200 கிராம் சாப்பிட்டால் உள்ளே போவது 1 மில்லிகிராம். மாதத்துக்கு ஓரிரு முறை தாளில் மீன் சுடுபவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தினமும் புளிப்பான உணவைத் தாளிலோ தாள் தட்டிலோ சூடாக்கிச் சாப்பிடுபவருக்குக் கணக்கு மாறும். தாளைத் தவிர மற்ற உணவிலிருந்து வருவதும் அதே 60-க்குள் அடங்க வேண்டும் அல்லவா?

மற்ற உணவிலும் அலுமினியம் இருக்கிறதா?

பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 8 விழுக்காடு அலுமினியம்தான். உலோகங்களில் அங்கே அதைவிட அதிகமாக இருப்பது எதுவும் இல்லை. அதனால் செடிகளில், தேயிலையில், மசாலாப் பொருள்களில், கோகோவில், குடிநீரில் எல்லாம் கொஞ்சம் இருக்கிறது. அலுமினியம் சேர்ந்த பேக்கிங் பவுடர், சில நிறமிகள் வழியாகவும் வருகிறது. ஐரோப்பியர்கள் உணவின் மூலம் சராசரியாக வாரத்துக்கு உடல் எடையின் கிலோவுக்கு 0.2 முதல் 1.5 மில்லிகிராம் வரை உட்கொள்வதாக அந்த ஆணையம் மதிப்பிட்டது. தாளைத் தொடாமலேயே சிலர் கடுமையான வரம்பைத் தாண்டிவிடக்கூடும் என்பது இதன் பொருள். தவிர்க்கக்கூடிய இடத்தில் தவிர்ப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

நெஞ்செரிச்சலுக்குப் போடும் சில அமில முறிவு மாத்திரைகளில் ஒரு மாத்திரையிலேயே 100 மில்லிகிராமுக்கு மேல் அலுமினியம் இருக்கும். மாதக்கணக்கில் அவற்றை விழுங்கிக்கொண்டே தாளைக் கண்டு பயப்படுபவர்கள் முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

உள்ளே போவது எல்லாம் உடலில் தங்கிவிடுமா?

இல்லை. உணவில் வரும் அலுமினியத்தில் குடல் உறிஞ்சுவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. மீதி மலத்தோடு போய்விடும். உறிஞ்சப்பட்டதில் பெரும்பகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. எஞ்சிய சிறு அளவு எலும்பிலும் மற்ற உறுப்புகளிலும் நெடுங்காலம் தங்கும். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் குடல் உறிஞ்சுவதைக் கூட்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை தாளிலிருந்து உலோகத்தை இறக்குகிறது, இறங்கியதை உடலுக்குள் சேர்க்கவும் உதவுகிறது.

அல்சைமர் நோய் வருமாமே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. குடும்பத்தில் ஒருவர் தன் பிள்ளைகளின் பெயரை மறந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல. ஆகவே வரலாற்றோடு சொல்கிறேன்.

1965-இல் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது நரம்பணுக்களில் நார்ச் சிக்கல்கள் தோன்றின. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் காணப்படும் சிக்கல்களைப் போல அவை இருந்ததால் சந்தேகம் பிறந்தது. 1973-இல் கனடாவில் நோயாளிகளின் மூளைத் திசுவில் வழக்கத்தைவிட அதிக அலுமினியம் காணப்பட்டதாகச் செய்தி வந்தது. பலர் வீட்டிலிருந்த அலுமினியப் பாத்திரங்களைச் சந்தேகிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பின்னால் நுணுகிப் பார்த்தபோது முயல்களின் மூளையில் தோன்றிய நார்களின் அமைப்பு மனித நோயில் இருப்பதிலிருந்து வேறானது என்று தெரிந்தது. மூளையில் அலுமினியத்தை அளந்த அடுத்தடுத்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. குடிநீரில் அலுமினியம் கூடுதலாக உள்ள ஊர்களில் மறதிநோய் அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்லின. தொடர்பே இல்லை என்று வேறு சில சொல்லின. உணவின் வழியே வரும் அலுமினியம் அல்சைமர் நோயை உண்டாக்கும் ஆபத்து இருப்பதாகத் தான் கருதவில்லை என்று ஐரோப்பிய ஆணையம் 2008-இல் கூறியது.

அலுமினியம் நரம்புகளுக்கு நஞ்சே இல்லை என்று இதற்குப் பொருளா? இல்லை. மிக அதிக அளவில் அது நஞ்சுதான். அதற்கான சான்று அடுத்த பதிலில் இருக்கிறது. தாளில் சமைத்ததால் அல்சைமர் வந்தது என்பதற்குத்தான் சான்று இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம், நாம் சமைத்த விதத்தால்தான் இப்படி ஆனது என்று தன்னையே குற்றஞ்சாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

யார் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரகம் பழுதடைந்தவர்கள். அலுமினியத்தை வெளியேற்றும் முதன்மையான வழியே சிறுநீரகம்தான். அது வேலை செய்யாவிட்டால் உலோகம் எலும்பிலும் மூளையிலும் சேரும்.

1970-களில் டயாலிசிஸ் செய்துகொண்ட நோயாளிகள் சிலருக்குப் பேச்சு குழறியது, கைகால்கள் வெட்டி இழுத்தன, நினைவு தடுமாறியது. பலர் இறந்தார்கள். 1976-இல் அமெரிக்காவில் ஆல்ஃப்ரே என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இறந்தவர்களின் மூளைத் திசுவில் அலுமினியம் மிக அதிகமாக இருப்பதைக் கண்டறிந்தார்கள். டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய நீரிலும், பாஸ்பேட்டைக் குறைக்கக் கொடுத்த மருந்திலும் அலுமினியம் இருந்தது. அதன்பிறகு நீரைச் சுத்திகரிக்கும் முறை மாறியது, மருந்துகள் மாறின, அந்த நோய் அரிதாகிவிட்டது.

டயாலிசிஸ் நீரில் இருந்த அலுமினியம் குடல் வழியே போகாமல் நேராக இரத்தத்துக்கே போனது. அதைத் தாளில் சுட்ட மீனோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் சிறுநீரக நோயாளி உள்ள வீட்டில் புளிப்பான உணவுக்குத் தாளைப் பயன்படுத்தவே வேண்டாம். அமில முறிவு மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

குழந்தைகளுக்கு?

எடை குறைவு என்பதால் வரம்பும் குறைவு. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கடுமையான அளவின்படி வாரத்துக்கு 15 மில்லிகிராம்தான். தக்காளி சாஸில் ஊறிய உணவைத் தாளில் சுற்றித் தினமும் பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதைத் தவிர்க்கலாம். எவர்சில்வர் டப்பா இருக்கும்போது தாள் எதற்கு?

புற்றுநோய்?

தாளில் சமைத்த உணவால் புற்றுநோய் வரும் என்பதற்குச் சான்று இல்லை. அலுமினிய உற்பத்தியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்று மேற்கோள் காட்டுவார்கள். அந்தப் பட்டியலில் இருப்பது தொழிற்சாலையில் கீல் புகையைச் சுவாசித்து வேலைசெய்யும் தொழிலாளர்களின் நிலைமை. சமையலறைத் தாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எவற்றைத் தாளில் வைக்கவே கூடாது?

எலுமிச்சை பிழிந்தவை, தக்காளி, வினிகர், ஊறுகாய் வகைகள், தயிரில் ஊறவைத்த இறைச்சி, புளிப்புப் பழங்கள், ஒயின் சேர்த்த குழம்புகள், உப்பு தூக்கலான பாலாடைக்கட்டி, உப்புக்கண்டம். சமைக்க மட்டுமல்ல, ஆறிய பிறகு அதிலேயே இரவு முழுக்க வைத்திருக்கவும் கூடாது.

மீனும் எலுமிச்சையும் பிரிக்க முடியாத ஜோடி ஆயிற்றே, என்ன செய்வது?

முதலில் பேக்கிங் பேப்பரில் மீனைப் பொதிந்து, அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். ஆவி உள்ளேயே நிற்கும், உலோகம் உணவைத் தொடாது. பேப்பர் கையில் இல்லை என்றால் வெறும் எண்ணெயும் பூண்டும் மிளகும் தடவிச் சுட்டுவிட்டு, தட்டில் வைத்த பிறகு எலுமிச்சையைப் பிழிந்து உப்பைத் தூவுங்கள். சுவையும் இப்படித்தான் துலக்கமாக இருக்கும். வெந்துபோன எலுமிச்சைத் தோலின் கசப்பு இறங்காது.

தாளில் சிறு ஓட்டைகளும் உணவின்மேல் சாம்பல் நிறப் புள்ளிகளும் வந்திருக்கின்றன. ஏன்?

தக்காளி சாஸ் ஊற்றிய எவர்சில்வர் தட்டை அலுமினியத் தாளால் மூடி ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, தாளை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சாஸ் தொட்ட இடங்களில் ஊசி குத்தியது போல ஒளி தெரியும். அந்த இடத்தைச் சுற்றித் தாளின் பளபளப்பு மங்கி, விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். சாஸின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு படிந்திருக்கும்.

இரண்டு வெவ்வேறு உலோகங்கள், நடுவே உப்பும் புளிப்பும் உள்ள ஈரம்: அவ்வளவும் சேர்ந்தால் ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. இரும்பைவிட அலுமினியம் எளிதில் கரையும் என்பதால் தாள் அரிக்கப்படுகிறது. கண்ணாடி, பீங்கான் பாத்திரத்தில் இந்த மின்கல அரிப்பு ஏற்படாது. திட்டு படிந்த பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். தெரியாமல் சாப்பிட்டுவிட்டாலும் அஞ்ச வேண்டாம்.

பளபளப்பான பக்கம் உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா?

எப்படி வைத்தாலும் ஒன்றுதான். ஆலையில் கடைசி முறை உருளைகளுக்கு இடையே விடும்போது இரண்டு தாள்களைச் சேர்த்து விடுகிறார்கள். உருளையைத் தொட்ட பக்கம் பளபளக்கிறது, ஒன்றையொன்று தொட்ட பக்கம் மங்கலாகிறது. ஒட்டாத பூச்சு பூசிய தாளில் மட்டும் எந்தப் பக்கம் உணவைத் தொட வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள்.

சூட்டில் தாள் உருகி உணவில் கலக்குமா? புகை வருமா?

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில்தான் உருகும். வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியைச் சுற்றியே நின்றுவிடும். கனன்றுகொண்டிருக்கும் கரியின் மேலேயே தாளை வைத்தால் அது கிழிந்து, சில இடங்களில் உருகவும் கூடும். கம்பி வலையின் மேல் வையுங்கள். உலோக ஆவி வருமோ என்ற பயம் வேண்டாம். அது ஆவியாவதற்கு 2,400 டிகிரிக்கும் மேல் சூடு தேவை. நீங்கள் பார்க்கும் புகை கொழுப்பும் மசாலாவும் கருகுவதால் வருவது.

கரியடுப்பில் தாளுக்கு ஒரு நன்மையும் உண்டு. கொழுப்பு சொட்டிக் கனலில் விழுந்து எரியும்போது எழும் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன, அவை இறைச்சியில் படிகின்றன. அடியில் ஒரு தட்டு இருந்தால் அது குறையும். எவர்சில்வர் தட்டாக இருந்தால் இன்னும் நல்லது. தாள் தட்டுதான் கிடைக்கிறது என்றால் ஊறவைத்த புளிப்புக் கலவையை வடித்துவிட்டு, உப்பைக் கடைசியில் போட்டுச் சுடுங்கள்.

சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கை அப்படியே வைத்திருந்து மறுநாள் சாப்பிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காமல் விட்டாலும் இதைப் படியுங்கள்.

1994-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், எல் பாசோ நகரத்து உணவகம் ஒன்றில் சாப்பிட்ட 30 பேருக்கு பொட்டுலிசம் என்ற நோய் வந்தது. தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்குகளைப் பிரிக்காமல் அறை வெப்பத்திலேயே வைத்திருந்து, பிறகு மசித்துத் தொட்டுக்கொள்ளும் கலவை ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். சிலருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது.

மண்ணில் விளையும் கிழங்கின் தோலில் பொட்டுலிசத்தை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். ஓவன் சூட்டில் கிழங்கு வெந்தாலும் வித்துகள் சாவதில்லை. தாள் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக் காற்றைத் தடுக்கிறது. ஈரம், வெதுவெதுப்பு, புளிப்பின்மை, காற்றின்மை ஆகியவை சேர்ந்தால் வித்துகள் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்திவிடக்கூடியது. நிறத்திலும் மணத்திலும் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம்.

சுட்டதும் சாப்பிடுங்கள், அல்லது 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வையுங்கள். மிஞ்சியதைத் தாளைப் பிரித்துவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பல ஆண்டுகளில் மெதுவாகச் சேரக்கூடிய அலுமினியத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கக்கூடிய இதைப் பற்றி அதில் பாதியாவது பேச வேண்டும்.

மைக்ரோவேவில்? ஏர் ஃபிரையரில்?

மைக்ரோவேவில் தாள் தீப்பொறி கிளப்பும். சாதனத்தின் கையேடு அனுமதித்தால் அன்றி வைக்காதீர்கள். ஏர் ஃபிரையரில் உணவின் எடை தாளை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்; வெறும் தாள் காற்றில் மேலெழும்பிச் சூட்டுக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். ஓவனின் தரையில் தாள் விரிப்பதும் வேண்டாம். சூடு சீராகப் பரவாது, சில ஓவன்களில் தாள் தரையோடு ஒட்டிப்போகும்.

ஒருமுறை பயன்படுத்திய தாளை மறுபடி பயன்படுத்தலாமா?

ரொட்டி சுற்றிய தாள் சுத்தமாக, கிழியாமல் இருந்தால் இன்னொரு ரொட்டிக்குப் பயன்படுத்தலாம். பச்சை இறைச்சி பட்டதையும் கசங்கிப் போனதையும் தவிருங்கள். மடிப்புகளில் நிற்கும் அழுக்கு கழுவினாலும் போகாது.

மாற்று என்ன?

மூடியுள்ள கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் பாத்திரங்கள். சுற்றியே ஆக வேண்டும் என்றால் பேக்கிங் பேப்பர். அது பொதுவாக 220 டிகிரி வரை தாங்கும், பெட்டியில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். மெழுகுத் தாளை அதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மெழுகு ஓவனில் உருகிப் புகையும்.

இத்தனை காலம் சாப்பிட்டதால் சேர்ந்த அலுமினியத்தை வெளியேற்ற மருந்து உண்டா?

டெஸ்ஃபெரியாக்சமின் என்ற மருந்து உண்டு. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அலுமினியம் அளவு மீறிச் சேர்ந்துவிட்டது என்று சோதனையில் உறுதியானால், மருத்துவமனையில் ஊசி வழியாகக் கொடுப்பார்கள். பார்வையையும் காதையும் பாதிக்கக்கூடிய பக்க விளைவுகள் அதற்கு உண்டு என்பதால் தேவையில்லாதவருக்குக் கொடுக்க மாட்டார்கள். உலோகத்தை வெளியேற்றும் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பொடிகளையும் கஷாயங்களையும் வாங்காதீர்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் அந்த வேலையை அது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. நன்றாக இல்லை என்ற ஐயம் இருந்தால் பொடிக்குக் கொடுக்கும் பணத்தில் கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.